மேலே போகக் கோலன், கீழே வர ஸ்லாஷ்

1984இல் இந்திய அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் அறிவு ஊட்டியே தீருவது என்று முடிவு செய்தது. திட்டத்தின் பெயர் 'கிளாஸ்'. முதல் கட்டமாக நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் தயாரித்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களை வழங்கினார்கள். பிள்ளைகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒரு கிரிக்கெட் கிட் வாங்கிக் கொடுத்துவிட்டு மிச்சப் பணத்தில் மைதானத்து முள்ளை வெட்டுங்கள் என்று சொல்லியிருப்போம்.

எங்கள் பள்ளியில் இரண்டு பெட்டிகள் வந்து இறங்கின. கெமிஸ்ட்ரி லேபுக்குப் பக்கத்தில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்த அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டார்கள். ஹெச்.எம். அறையில்கூட இல்லாத ஏ.சி. அங்கே வந்தது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த பியூன், கீபோர்டையும் விடவில்லை. தேடிப் பிடித்துப் பிரேக் என்று எழுதியிருந்த கீயின் தலையில் ஒரு பொட்டு வைத்தார். தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, கும்பிட வேண்டிய கீ அதுதான். தொட்டால் போதும், அதுவரை அடித்த புரோகிராம் கண்ணை விட்டு மறைந்துவிடும். 'ஓல்டு' என்று அடித்தால் திரும்ப வரும் என்ற ரகசியம் வெகுநாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

கம்ப்யூட்டர் சார் என்று தனியாக யாரும் கிடையாது. பிசிக்ஸ் சாரைப் பயிற்சிக்கு அனுப்பி, கம்ப்யூட்டர் சாராகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவர் கற்றுத்தந்த முதல் பாடம் இரண்டு சொல்: "யாரும் தொடாதீங்கடா." வகுப்பு மொத்தமும் இரண்டு மானிட்டரைச் சுற்றி நிற்கும். சார் சுவிட்சைப் போடுவார். 'டூ...பீப்' என்று இரட்டைக் குரலில் ஒரு சத்தம். திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று வெள்ளை எழுத்து. அந்த 32கே என்பது என்ன என்று கேட்டவனுக்கு, "பெரிய விஷயம், பின்னாடி சொல்றேன்" என்று பதில் வந்தது. இன்றைக்கு என் போனில் வரும் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரியது.

கீபோர்டு தனியாக இல்லாமல், கம்ப்யூட்டரின் உடம்போடு ஒட்டியே இருக்கும். மேல் வரிசையில் சிவப்பாகப் பத்து ஃபங்ஷன் கீகள். மவுஸ் கிடையாது. முதுகுப் பக்கம் 15 பின் கொண்ட ஒரு சாக்கெட் உண்டு. அதில் ஜாய்ஸ்டிக் செருகலாம் என்று யூசர் கைடு தெளிவாகவே சொன்னது. எங்கள் சார் அதில் ஓர் எல்.டி.ஆரைச் செருகி, ஜன்னல் திரையை விலக்கியும் மூடியும் வெளிச்சத்தை எண்ணாக அளந்து காட்டினார். நல்ல பாடம்தான். ஆனால் அந்தச் சாக்கெட்டின் பிறவிப் பயன் வேறு என்று நாங்கள் உறுதியாக நம்பினோம்.

விளையாட்டு ஒரு ஃப்ளாப்பியில் வந்தது. எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி அன்றும் யாரும் பேசவில்லை, இன்றும் பேசப் போவதில்லை. அரசாங்கம் கொடுத்த ஃப்ளாப்பிகளில் பாடங்கள் இருந்தன. இதில் ரெப்டன் இருந்தது. 1985இல் டிம் டைலர் என்ற பதின்வயதுப் பையன் எழுதிய விளையாட்டு. மண்ணைக் குடைந்துகொண்டு போய் வைரம் பொறுக்க வேண்டும். தலைக்கு மேலே பாறை நிற்கும். அதற்கு அடியில் குடைந்துவிட்டு அங்கேயே நின்றால் கதை முடிந்தது. எங்களை ஒத்த வயதுக்காரன் ஒருவன் இதை எழுதிப் பணமும் வாங்கியிருக்கிறான் என்பதை சார் நம்பவில்லை. எங்கள் வீட்டில் சொல்லியிருந்தால் அவர்களும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஃப்ளாப்பியை இயக்குவதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும். ஷிஃப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிரேக்கைத் தட்டி, பிரேக்கை முதலில் விட்டு ஷிஃப்டைப் பிறகு விட வேண்டும். வரிசை மாறினால் ஒன்றும் நடக்காது. குங்குமப் பொட்டு வைத்த அந்தக் கீயைத் துணிந்து தொட்டவனுக்கு வகுப்பில் தனி மரியாதை. பத்தாம் வகுப்பில் கணக்கில் நூறு வாங்கியவனுக்குக்கூட அது கிடைக்கவில்லை.

அப்புறம் விளையாட வேண்டும். இடது பக்கம் போக இசட், வலது பக்கம் போக எக்ஸ். மேலே போகக் கோலன். கீழே வர ஸ்லாஷ். முதலில் கேட்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். அந்தக் கீபோர்டில் கைவைத்துப் பார்த்தால் புரியும். இசட்டும் எக்ஸும் இடது கைக்கு அடியில் அக்கம்பக்கமாக இருக்கும். கோலனும் ஸ்லாஷும் வலது கைக்கு அடியில் ஒன்று மேல் வரிசையிலும் இன்னொன்று கீழ் வரிசையிலுமாக இருக்கும். கிடைமட்டம் முழுக்க இடது கையின் பொறுப்பு, செங்குத்து முழுக்க வலது கையின் பொறுப்பு. பிபிசி மைக்ரோவுக்கு எழுதப்பட்ட பல விளையாட்டுகளில் இதே ஏற்பாடு. கீபோர்டில் அம்புக்குறி போட்ட கீகள் இல்லாமல் இல்லை. அவை இரண்டிரண்டாக இரண்டு வரிசைகளில் மேல் மூலையில் ஒதுங்கிக் கிடந்தன. ஓடி ஒளிகிற அவசரத்தில் யார் அங்கே போவது?

நாங்கள் ஆடியது கொஞ்சம், ஆட நேரம் பார்த்துக் காத்திருந்தது அதிகம். மதியச் சாப்பாட்டு வேளையில் சார் ஸ்டாஃப் ரூமுக்குப் போவார். ஒருவன் வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நிற்பான். இருமினால் சார் வருகிறார் என்று அர்த்தம். இன்னொருவன் பிரேக்கில் விரலை வைத்துத் தயாராக இருப்பான். மூன்றாமவன் ஆடுவான். மற்றவர்கள் அவன் எப்படி ஆட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் இருமல் வராமலே சார் வந்து நின்றார். எல்லோரும் விறைத்துப்போனோம். திரையில் ரெப்டன் நடுவழியில் நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தப் பாறைக்குக் கீழே போகாதடா, செத்துருவே" என்றார். அவர் பாட்டுக்கு மாலையில் தனியாக உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது.

அதற்குப் பிறகு அவர் ஒரு நிபந்தனை போட்டார். "ஆடறதுன்னா நீங்களே எழுதி ஆடுங்க." ஸ்பைரல் பைண்டிங் போட்ட அந்தப் பருத்த யூசர் கைடை எங்கள் கையில் கொடுத்தார். பேசிக் மொழியில் ஒரு நட்சத்திரக் குறியை அப்படியும் இப்படியும் நகர்த்தும் புரோகிராம் எழுதினோம். நகர்ந்தது. ஆனால் விரலை எடுத்த பிறகும் நகர்ந்துகொண்டே இருந்தது. நிற்கச் சொன்னால் நிற்காமல் நாலு கட்டம் தள்ளிப் போய் நின்றது. கம்ப்யூட்டருக்குப் பிடிவாதம் என்று ஒருவன் சொன்னான்.

விஷயம் யூசர் கைடுக்குள் இருந்தது. நாம் அடிக்கும் எழுத்துகளைக் கம்ப்யூட்டர் ஒரு வரிசையில் நிறுத்தி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறது. கீயை அழுத்திக்கொண்டே இருந்தால் எழுத்துகள் அந்த வரிசையில் குவிந்துபோகும். விரலை எடுத்தாலும் குவிந்தது தீரும் வரை நட்சத்திரம் ஓடும். தட்டச்சுக்கு இது தேவை, விளையாட்டுக்கு இது எமன். 'இந்தக் கீ அழுத்தப்பட்டதா' என்று கேட்கக் கூடாது, 'இந்த நொடியில் இந்தக் கீ அழுந்தியிருக்கிறதா' என்று கேட்க வேண்டும். அதற்கு இன்கீ என்ற கட்டளையோடு ஒரு மைனஸ் எண்ணைக் கொடுக்க வேண்டும். இசட்டுக்கு மைனஸ் 98, எக்ஸுக்கு மைனஸ் 67, கோலனுக்கு மைனஸ் 73, ஸ்லாஷுக்கு மைனஸ் 105. அந்த வருஷம் நான் மனப்பாடம் செய்த தனிமங்களின் அணு எண்கள் எல்லாம் மறந்துவிட்டன. இந்த நாலும் அப்படியே இருக்கின்றன.

அப்புறம் பிழைப்பு வந்தது. கம்ப்யூட்டரை அண்ணாந்து பார்த்து நின்ற காலம் போய், நாளெல்லாம் அதன் முன்னால் குனிந்து உட்காரும் காலம் வந்தது. ஆபீசில் எந்தக் கீயையும் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஏன் இன்னும் தொடவில்லை என்றுதான் கேட்டார்கள். கடைசியில் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னது. "கொஞ்ச நாளைக்குக் கீபோர்டைத் தொடாதீங்க சார்" என்றார் பிசியோதெரபி பார்த்த பையன். அன்று பிசிக்ஸ் சார் சொன்ன முதல் பாடம்தான். இந்த முறை ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொன்னார்கள்.

விருப்ப ஓய்வு வாங்கியாயிற்று. தடுக்க ஆளில்லை. வாசலில் இருமுவதற்கும் ஆள் தேவையில்லை. ஹாலில் பெரிய டிவி, சாய்ந்து உட்கார நாற்காலி. அதோடு ராஸ்பெரி பை ஒன்றும் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் போர்டு. 2012இல் இங்கிலாந்தில் இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத்தான் கொண்டுவந்தார்கள். இதன் மாடல்களுக்கு ஏ, பி என்று பெயர் வைத்ததே பிபிசி மைக்ரோவின் ஏ, பி மாடல்களின் நினைவாகத்தான். உள்ளே இருக்கும் ஆர்ம் சிப்பும் அந்தக் குடும்பம்தான். பிபிசி மைக்ரோவை உருவாக்கிய ஏக்கார்னில், சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்து 1985இல் முதன்முதலாக உயிர்பெற்ற சிப்பின் வாரிசு. அதில் எமுலேட்டர் போட்டு பிபிசி மைக்ரோவை ஓட்டுவது, பேரன் தாத்தா வேஷம் கட்டி மேடை ஏறுகிற மாதிரி. கீச்சென்று அந்த இரட்டைச் சத்தம்கூட வந்தது.

கழுத்துக்காகக் கீபோர்டை ஒதுக்கிவிட்டு ஒரு கேம்பேட் வாங்கினேன். அதில் ப்ளஸ் குறி வடிவத்தில் திசைப் பட்டன் ஒன்று, பக்கத்துக்கொரு குமிழ் ஸ்டிக், ஏ, பி, எக்ஸ், ஒய் என்று நாலு பட்டன், ஆள்காட்டி விரல்களுக்கு நெற்றியில் நாலு. எமுலேட்டர் அதைக் கண்டுகொண்டது. பிரமாதம் என்று ரெப்டனை ஏற்றினேன். ரெப்டன் நின்ற இடத்திலேயே நின்று, நேரம் போகப் போக, முழித்து முழித்துப் பார்த்தது.

காரணம் அந்த 15 பின் சாக்கெட்தான். எமுலேட்டர் மிகுந்த விசுவாசத்தோடு என் கேம்பேடைக் கொண்டுபோய், பிபிசியின் முதுகில் இருந்த அந்தச் சாக்கெட்டில் ஜாய்ஸ்டிக்காகச் செருகியிருந்தது. நான் சொல்லும் திசை வோல்டேஜாக மாறி, எல்.டி.ஆர். வெளிச்சம் போன அதே வழியில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. என் ரெப்டனோ அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. அது எதிர்பார்த்து நின்றது இசட், எக்ஸ், கோலன், ஸ்லாஷ்.

ஆகவே கேம்பேடைக் கீபோர்டாக நடிக்க வைக்க வேண்டும். அதற்கென்று இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். விண்டோஸில் ஜாய்டுகீ, லினக்ஸில் ஆன்டிமைக்ரோஎக்ஸ். கேம்பேடில் நாம் அழுத்துவதைக் காதில் வாங்கிக்கொண்டு, 'யாரோ இசட் அடித்தார்கள்' என்று கம்ப்யூட்டரிடம் சொல்வது அவர்கள் தொழில். லினக்ஸ் இந்தப் பொய்க்குக் கதவே திறந்து வைத்திருக்கிறது. யூஇன்புட் என்ற வசதியைக் கொண்டு ஒரு புரோகிராம், இல்லாத கீபோர்டு ஒன்றை இருப்பதாகக் காட்டலாம். மற்ற புரோகிராம்களுக்கு அசலும் நகலும் ஒன்றுதான்.

இது இந்தக் காலத்துக் குறுக்குப் புத்தி என்று நினைக்க வேண்டாம். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கு 1983இல் சின்க்ளேர் கம்பெனி இரண்டு ஜாய்ஸ்டிக் செருகும் கருவி ஒன்றை விற்றது. அது செய்த காரியம் இவ்வளவுதான்: ஒரு ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் 1 முதல் 5 வரையிலான கீகளை அழுத்தியதாகவும், இன்னொன்றை அசைத்தால் 6 முதல் 0 வரையிலான கீகளை அழுத்தியதாகவும் கம்ப்யூட்டரிடம் சொன்னது. காமடோர் 64இல் திட்டமிடாமலே இது நடந்தது. அதன் முதல் ஜாய்ஸ்டிக் போர்ட்டும் கீபோர்டும் ஒரே கம்பிகளைப் பகிர்ந்துகொண்டன. ஜாய்ஸ்டிக்கை ஆட்டினால் திரையில் தானாக எழுத்துகள் விழும். அதனாலேயே பல விளையாட்டுகள் இரண்டாம் போர்ட்டுக்குக் குடிபோயின.

சரி என்று பட்டன்களை ஒதுக்க உட்கார்ந்தேன். இடதுக்கு இசட், வலதுக்கு எக்ஸ், முடிந்தது. மேலேக்குக் கோலன் என்று தேடினால் கோலன் கீயே இல்லை. நம் கீபோர்டில் கோலனுக்குத் தனிக் குடித்தனம் கிடையாது. செமிகோலனின் மாடியில் இருக்கிறது, ஷிஃப்டோடு ஏற வேண்டும். பிபிசி கீபோர்டில் கோலனுக்குச் சொந்த வீடு உண்டு, அதன் மாடியில் நட்சத்திரக் குறி. அங்கே செமிகோலனின் மாடியில் இருப்பது ப்ளஸ். ஆகவே ஷிஃப்டையும் செமிகோலனையும் சேர்த்து அனுப்பினால், எமுலேட்டருக்குள் போய்ச் சேருவது ப்ளஸ். ரெப்டனுக்குக் கூட்டல் கணக்கில் ஆர்வம் இல்லை.

இதைத் தீர்க்க எமுலேட்டரில் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, எழுத்துப்படி: நீங்கள் எந்த எழுத்தை அடிக்கிறீர்களோ அதை அங்கேயும் அடித்துக் கொடுக்கும். இன்னொன்று, இடப்படி: நம் கீபோர்டில் எந்த இடத்தில் அழுத்துகிறீர்களோ பிபிசி கீபோர்டில் அதே இடத்துக் கீயை அழுத்தும். விளையாட்டுக்கு இரண்டாவதுதான் சரி. அதன்படி பார்த்தால் செமிகோலனுக்கு வலது பக்கத்துக் கீதான் கோலன். நம் கீபோர்டில் அங்கே இருப்பது மேற்கோள் குறி. ஆக, கேம்பேடின் 'மேலே' மேற்கோள் குறியாக வேஷம் போட, மேற்கோள் குறி கோலனாக வேஷம் போட, கோலன் ரெப்டனை மேலே அனுப்பியது. இந்த ஏற்பாட்டில் ஏதாவது கட்டளை அடிக்க நேர்ந்தால், மேற்கோள் குறிக்கு ஷிஃப்டோடு 2 அழுத்த வேண்டும். பிபிசியில் அதன் வீடு அங்கே.

என் பையன் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். ஹாலைக் கடந்து போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்தான்.

"அப்பா, கேம் எப்போ ஸ்டார்ட் ஆகும்?"

"இதோ, ஆயிடுச்சு."

"நேத்தும் இதே ஸ்க்ரீன்தானே இருந்தது?"

"இது வேற ப்ரொஃபைல்டா."

"யூடியூப்ல யாராவது ஆடியிருப்பாங்கப்பா. பாத்துடலாமே."

அன்று பள்ளிக்கூடத்தில் ஒருவன் ஆட மற்றவர்கள் பார்த்தோம். அது வறுமை. இப்போது யாரோ ஆட ஊரே பார்க்கிறது. அது பொழுதுபோக்கு.

ரெப்டன் நகர ஆரம்பித்ததும் புதுச் சிக்கல்கள் முளைத்தன. குமிழ் ஸ்டிக்கைத் தொடாதபோதும் ரெப்டன் தானாக இடது பக்கம் ஊர்ந்தது. குமிழ் நடுவில் நிற்பதாக நம் கண்ணுக்குத்தான் தெரியும். எண்ணாகப் பார்த்தால் பூஜ்யத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருக்கும். 'இந்த அளவுக்கு உள்ளே ஆடினால் கண்டுகொள்ளாதே' என்று ஒரு எல்லை வகுக்க வேண்டும், டெட் ஸோன் என்பார்கள். எல்லையைச் சிறியதாக வைத்தால் ஆவி நடமாட்டம், பெரியதாக வைத்தால் மந்தம்.

அடுத்தது, சில பட்டன்களை அழுத்தினால் சில சமயம் வேலை செய்யும், சில சமயம் செய்யாது. பிபிசியின் திரை நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படுகிறது, அதாவது 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. அந்தத் தாளத்தில் விளையாட்டு வந்து கீயைத் தொட்டுப் பார்க்கிறது. இடைத்தரகர் ஒரு கீயை அழுத்திய உடனே விட்டுவிட்டால், விளையாட்டு வந்து பார்க்கும்போது கீ மேலே வந்திருக்கும். தட்டச்சுக்கு அந்தத் தட்டு போதும், விளையாட்டுக்குப் போதாது. கீ கொஞ்ச நேரம் அழுந்தியிருக்க வேண்டும். சட்டென்று எனக்கு விளங்கிவிட்டது. மைனஸ் 98, மைனஸ் 67. பேசிக்கில் நட்சத்திரத்தை ஓடவிட்ட அதே வழக்கு, எதிர்க்கட்சியாகத் திரும்பி வந்திருக்கிறது. அன்று விரலை எடுத்த பிறகும் ஓடியது. இன்று விரல் வைத்தும் ஓடவில்லை.

இவ்வளவும் சரியான பிறகு ரெப்டன் ஒழுங்காக நடந்தது. எனக்குத்தான் ஆட வரவில்லை. பாறை விழும்போது வலது கை தன்னிச்சையாக எதையோ தேடியது. இந்தப் ப்ளஸ் வடிவத் திசைப் பட்டனைக் கையடக்க விளையாட்டுப் பெட்டிக்காக நின்டெண்டோவின் குன்பெய் யோகோய் கொண்டுவந்தது 1982இல். பிபிசி மைக்ரோ அதற்கு முந்திய டிசம்பரிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. நாலு திசையையும் இடது கட்டைவிரல் ஒன்றே பார்த்துக்கொள்ளும் என்ற யோசனை பிறப்பதற்கு முன்னால் வார்க்கப்பட்ட கீபோர்டில் பழகிய விரல்கள் என்னுடையவை. மேலும் கீழும் வலது கையின் இலாகா என்று அவை இன்னும் நம்பிக்கொண்டிருக்கின்றன.

விரல்களோடு வாதாடாமல் கேம்பேடை மாற்றினேன். திசைப் பட்டனில் இடது, வலது மட்டும் வேலை செய்யும். வலது பக்கத்து நாலு பட்டன்களில் மேலே இருக்கும் ஒய், ரெப்டனை மேலே அனுப்பும். கீழே இருக்கும் ஏ, கீழே இறக்கும். பட்டனில் அச்சடித்த எழுத்தை நம்பிப் புண்ணியமில்லை. எக்ஸ் என்று போட்ட பட்டன் எக்ஸ்பாக்ஸ் கேம்பேடில் இடது பக்கம் இருக்கிறது, நின்டெண்டோவில் மேலே இருக்கிறது, ரெப்டனுக்கு எக்ஸ் என்றால் வலது பக்கம். இப்போது ஆட்டம் சரளமாக வந்தது. புதுக் கேம்பேடுக்குள் பழைய கீபோர்டைக் குடிவைத்தாயிற்று. பையன் ஆசையாக வாங்கிப் பார்த்தான். "அப்பா, இது மேலயே போக மாட்டேங்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அவன் கேட்காத ஒரு கேள்வியை நானே கேட்டுக்கொண்டேன். இத்தனை நாளில் நான் ஆடியது எவ்வளவு, அமைத்தது எவ்வளவு? கீபோர்டு எப்படித் தன் கீகளைச் சுற்றிப் பார்க்கிறது, வோல்டேஜ் எப்படி எண்ணாகிறது, ஒரு சிப் எப்படி இன்னொரு சிப்பாக நடிக்கிறது, 20 மில்லிசெகண்டில் என்னென்ன நடக்கிறது என்று இப்போதுதான் வரி வரியாகப் படித்திருக்கிறேன். அரசாங்கம் எனக்குக் கம்ப்யூட்டர் அறிவு கொடுக்கப் பார்த்தபோது நான் விளையாடப் போனேன். இப்போது விளையாடலாம் என்று உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் அறிவு வந்து சேருகிறது. கிளாஸ் திட்டத்தின் வெற்றிக் கணக்கில் என் பெயரைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். நாற்பது வருஷத் தாமதம் என்பது அரசாங்க வழக்கத்தில் பெரிய தாமதமும் இல்லை.

கொஞ்சம் தெம்பு வந்ததும் எலைட்டைத் தொட்டேன். கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இயன் பெல்லும் டேவிட் பிரேபனும் எழுதி 1984இல் வெளியான விண்வெளி வியாபார விளையாட்டு. ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள் என்று எட்டு நட்சத்திர மண்டலங்களை அந்த 32கே-க்குள் அடக்கியிருந்தார்கள். பள்ளியில் அதன் பெயரைத்தான் கேள்விப்பட்டிருந்தோம், ஃப்ளாப்பி எங்கள் ஊர் வரை வரவில்லை. எலைட்டுக்குக் கீகள் கொஞ்சநஞ்சமில்லை. மூக்கைக் கீழே இறக்க எஸ், தூக்க எக்ஸ், சுட ஏ, வேகத்துக்கு ஸ்பேஸ், ஏவுகணையைக் குறிவைக்க டி, விட எம், தூரத்துக் கிரகத்துக்குத் தாவ ஹெச். கப்பலைக் கிளப்புவது, சரக்கு வாங்குவது, விற்பது, வரைபடம் பார்ப்பது எல்லாம் அந்தப் பத்து சிவப்புக் கீகளில். கேம்பேடில் பட்டன் தீர்ந்துபோய், ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அழுத்தினால் வேறு அர்த்தம் என்று அடுக்கு அடுக்காக ஏற்பாடு செய்து, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டிவிக்குக் கீழே ஒட்டினேன்.

விளையாட்டு ஏறியது. திரையில் ஒரு கப்பல் சுற்றிச் சுற்றி வந்தது. பழைய ஆட்டத்தை எடுக்கட்டுமா, ஒய்யா என்னா என்று கேட்டது. ஆமாம் என்றால் ஒய் கீ, இல்லை என்றால் என் கீ. கேம்பேடைப் பார்த்தேன். ஒய் என்று அச்சடித்த பட்டன் பளிச்சென்று இருக்கிறது. அது ஏவுகணைக்குப் போய்விட்டது, அழுத்தினால் டி விழும். என் பட்டன் என்று ஒன்று எந்தக் கம்பெனி கேம்பேடிலும் கிடையாது. "டேய், அந்தக் கீபோர்டை எடுத்துட்டு வா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன். "டாக்டர் தொடக் கூடாதுன்னாரே" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.